கஃபே வந்த தெருவில் ஒரு காபித்தூள் கடை: அல்சூர் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில், சி.எம்.எச். ரோட்டிலிருந்து ஜோகுபாளையா பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத்தெருவில் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இருந்த காபித்தூள் கடையைப் பற்றிய பதிவு இது. 2022 கடைசியிலிருந்து 2025 நடுப்பகுதி வரை நடந்தவை. அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் பெரும்பாலானவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைக்காரத் தம்பதியும் கட்டட ஓனரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகள் தோராயமானவை.

பின்னணி

கடை சுமார் 220 சதுர அடி. பின்பக்கம் அரவை மெஷின். முன்பக்கம் கடப்பைக்கல் மேடை, அதில் பால் பாத்திரமும் டிகாஷன் டிரம்மும். கடைக்காரரின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, ஒரு காபி ஒர்க்ஸில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியது. பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா மூன்றையும் வறுத்த கொட்டையாக வாங்கி, ஆள் முன்னாலேயே அரைத்து, கேட்கிற அளவு சிக்கரி கலந்து கொடுப்பது தொழில். நின்றுகொண்டு குடிக்கிற காபி வியாபாரம் பிறகு சேர்ந்தது.

அல்சூர் கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழர் நிறைந்த பகுதி. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அங்கேதான். 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளி முதல் எம்.ஜி. ரோடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் தடம் சி.எம்.எச். ரோடு வழியாகத்தான் போகிறது. அந்த ரோட்டுக் கடைக்காரர்கள் பாதையை மாற்றச் சொல்லிப் போராடியது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். மெட்ரோ வந்தபின் பாத்திரக்கடை, துணிக்கடை இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின.

செயின் கஃபே பெங்களூருக்குப் புதிதில்லை. கஃபே காபி டே 1996-லேயே பிரிகேட் ரோட்டில் முதல் கடையைத் திறந்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் 2013-ல் கோரமங்களாவுக்கு வந்தது. பல வருஷம் இவை பெரும்பாலும் பெரிய ரோடுகளோடு நின்றன. அவை குடியிருப்புத் தெருவுக்குள் இறங்கியதுதான் இந்தக் கடைக்காரர்களுக்குப் புதிது.

ஒரு விவரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது. கடை வாடகை 24,000, அட்வான்ஸ் 2 லட்சம். அக்ரிமென்ட் வழக்கமான பதினோரு மாத அக்ரிமென்ட். கடைசியாக எழுதியது 2019-ல். லாக்டவுனுக்குப் பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கவனித்தவை

2022 டிசம்பரில் தெருமுனைக்குப் பக்கத்தில் முதல் கஃபே திறந்தது. அடுத்த ஆறேழு மாதத்தில் கூப்பிடு தூரத்துக்குள் இன்னும் இரண்டு. காபி வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் பயந்தார். பயந்தபடி நடக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருந்தது. டம்ளரை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் பால் பாக்கெட்டுக்கு பில் இருக்கிறது. 2022 நவம்பரில் தினமும் அரை லிட்டர் பாக்கெட் 60 வாங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து 57. அவ்வளவுதான் குறைவு.

சாயங்காலக் கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் குறைந்தது உண்மை. அந்த இடத்தை வேறு ஆட்கள் நிரப்பினார்கள்: ஆர்டருக்குக் காத்திருக்கும் டெலிவரி பையன்கள், செக்யூரிட்டிகள், அப்புறம் அந்தக் கஃபேக்களிலேயே வேலை பார்க்கிறவர்கள். ஏப்ரனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேராக வந்து பை டூ (ஒரு காபியை இரண்டாகப் பிரித்து) கேட்பார்கள். “அங்க இருநூத்தம்பது ரூபாய்க்குப் போட்டுத் தர்ற பசங்க, இங்க பதினஞ்சு ரூபாய்க்குக் குடிக்க வர்றாங்க” என்று கடைக்காரரின் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

விழுந்தது தூள் வியாபாரம். 2018-ல் மாதம் 420 கிலோ போனது, 2023-ல் 250 கிலோவாக இறங்கியிருந்தது. காபிக்கடையின் லாபத்தில் பெரும்பகுதி தூளில்தான். பழியைக் கஃபே மேல் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். தேதிகள்தான் ஒத்துவரவில்லை.

வாடிக்கை நோட்டு

கடையில் ஒரு நீளமான பைண்டு நோட்டு இருக்கிறது, சிவப்புத் துணி முதுகு வைத்தது. கடைக்காரரின் மனைவி வைத்திருப்பது. ஒரு வரிக்கு ஒரு வீடு. பெயர் பல இடத்தில் இருக்காது: ‘மாடி வீட்டு டீச்சரம்மா’, ‘கோயில் பின்னாடி மிலிட்டரி வீடு’, ‘நாய் வீடு’. பக்கத்தில் கலவை, அரவை, கிழமை, போன் நம்பர். ‘80-20, ரொம்ப நைஸ் வேண்டாம், வெள்ளி’ (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி). ‘60-40, பீபெரி மட்டும், மாசம் ரெண்டு தடவை’. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் அந்த வரியின் மேல் ஒரு கோடு, ஓரத்தில் மாதமும் வருஷமும். போன இடம் தெரிந்தால் அதுவும்: ஹொரமாவு, ராமமூர்த்தி நகர், ஓசூர், ‘மகன்கிட்ட அமெரிக்கா’.

2023 செப்டம்பரில் இந்தக் கோடுகளை வருஷவாரியாக எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலான கோடுகள் 2019-க்கும் 2022-க்கும் இடையில் விழுந்தவை. முதல் கஃபே திறக்கும் முன்பே வாடிக்கை வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று போய்விட்டிருந்தது. கஃபே வந்தபிறகு கோடு விழும் வேகம் கூடவும் இல்லை.

காரணம் தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும். இரண்டு மூன்று குடும்பம் வாடகைக்கு இருந்த ஓட்டு வீடுகளையும் பழைய மாடி வீடுகளையும் இடித்து, நான்கு மாடி எழுப்பி, ஒற்றை அறை வீடுகளாகவும் பி.ஜி.யாகவும் (பேயிங் கெஸ்ட் விடுதி) விட்டுவிட்டார்கள். பி.ஜி.யில் அடுப்பு கிடையாது, பில்டர் கிடையாது. அங்கே தங்குகிறவருக்கு உட்கார ஒரு நாற்காலி, வைஃபை, ஏ.சி. வேண்டும். அந்த நாற்காலிக்குத்தான் கஃபே காசு வாங்குகிறது. வாடிக்கை வீடுகளைக் கொண்டுபோனதும் கஃபேயைக் கொண்டுவந்ததும் ஒரே மாற்றம். இது தெரிந்த பிறகு காபி விலை, ருசி பற்றிய பேச்செல்லாம் கடையில் நின்றுபோனது.

மகனின் யோசனை

தம்பதியின் மகன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறார். கடையை மாற்றிக் கட்டலாம், எஸ்பிரெஸ்ஸோ மெஷின் போடலாம், சுவரைச் சீர்படுத்தி எட்டு நாற்காலி போட்டு, பழைய பில்டர் காபியையே 80 ரூபாய்க்கு விற்கலாம் என்பது அவர் திட்டம். “நம்மகிட்ட இல்லாத கதையாப்பா அவங்ககிட்ட இருக்கு?” என்று அப்பாவிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கணக்குப் போட்டோம். மெஷின், வேலைப்பாடு, கூடுதல் மின்சார லோடு எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்குக் குறையாது. எட்டு நாற்காலிக்கு இடம் விட்டால் நின்று குடிக்கிற கூட்டத்துக்கு இடமில்லை. நின்று குடிக்கிறவர் ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார், உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு: எழுத்தில் அக்ரிமென்டே இல்லாத கட்டடத்தில் 14 லட்சம் போடுவது. திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். முதலில் ஓனரிடம் மூன்று வருஷ அக்ரிமென்ட் கேட்போம் என்று முடிவானது. பொங்கல் முடியட்டும் என்று விட்டார்கள்.

ஓனருக்கு வந்த அழைப்பு

2024 ஜனவரியில் ஓனரம்மாவே கடைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகன் கனடாவில். மாடியில் அவரே குடியிருக்கிறார். மழைக்கு மேல்தளம் ஒழுகுகிறது, மூட்டு ஆபரேஷன் ஒன்று பாக்கி. ஒரு புரோக்கர் மூலமாக ஒரு கஃபே செயின் தரைத்தளம் முழுவதையும் கேட்டிருந்தது. “தம்பி, நீங்க இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இவ்வளவு பணத்தை வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்லப்பா” என்றார். புரோக்கர் கொடுத்த தாளையும் மறைக்காமல் காட்டினார்.

தரைத்தளம் மொத்தம் 1,100 சதுர அடி: காபித்தூள் கடை, ஒரு தையல்கடை, சாக்குகளும் ஓடாத கார் ஒன்றும் கிடந்த பார்க்கிங். அதுவரை ஓனருக்குக் கிடைத்தது இரண்டு கடைக்கும் சேர்த்து 33,000. கஃபே தரச் சம்மதித்தது 1,65,000. ஒன்பது வருஷ லீஸ், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீத ஏற்றம், ஆறு மாத அட்வான்ஸ். அலங்கார வேலை முடிய முதல் மூன்று மாதம் வாடகை கிடையாது.

இரண்டு இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்று, சதுர அடிக்கு 150 ரூபாய். அந்தக் கணக்கில் காபித்தூள் கடை இருந்த இடத்துக்கு மாதம் 33,000 வரும். முக்கி முனகியாவது கடைக்காரர் அதைக் கொடுத்திருப்பார். ஆனால் கஃபேக்குத் தளம் முழுசாக வேண்டும், பாதியை விட்டுவிட்டு மீதியை எடுக்காது. சிறு கடைக்காரர் தன் இடத்துக்கு உரிய வாடகையைக் கொடுக்க முடிந்தும் வெளியேறுவது இப்படித்தான். இரண்டாவது, அந்த 1,65,000. வருஷத்துக்கு 19.8 லட்சம். 20 லட்சத்தைத் தாண்டினால் ஓனர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியிருக்கும். எண் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, தொழில் தெரிந்த புரோக்கர்.

எடுத்த முடிவும் காரணமும்

அக்கம்பக்கத்தில் சிலர் காலி செய்ய வேண்டாம், கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கலாம் என்றார்கள். வக்கீலிடம் கேட்டோம். 1999-ம் வருஷத்துக் கர்நாடக வாடகைச் சட்டம் 14 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்குப் பொருந்தாது. இந்தக் கடை 20 சதுர மீட்டர். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத மாத வாடகை என்றால், சொத்து மாற்றுச் சட்டம் 106-வது பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் போதும். இழுக்கலாம்தான், ஆனால் இழுக்கிற காலமெல்லாம் 2 லட்சம் அட்வான்ஸும் மாட்டிக்கொள்ளும், வேறு இடத்தில் காலூன்றவும் முடியாது. இதையெல்லாம் விட, “அந்தம்மா வீட்டு மேல கேஸ் போட்டுட்டு அந்தப் படியில நான் எப்படி ஏறுவேன்?” என்ற கடைக்காரரின் ஒரு வார்த்தை பேச்சை முடித்துவிட்டது.

ஆக, இடத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுக் காலத்தையும் பணத்தையும் கேட்பது என்று தீர்மானித்தார்கள். கஃபேக்காரர்களுக்கு அனுமதி வாங்கவே சில மாதம் ஆகும் என்பது தெரிந்திருந்ததால் கேட்பது சுலபமாக இருந்தது. கிடைத்தவை: ஜூலை கடைசி வரை ஆறு மாத அவகாசம், அட்வான்ஸில் பாதி ஏப்ரலிலேயே, மீதி சாவி கொடுக்கும் நாளில், கடைசி இரண்டு மாத வாடகை தள்ளுபடி, காலி செய்தபின் அலங்கார வேலை நடக்கும் மூன்று மாதமும் பழைய ஷட்டர் மேல் புது முகவரி பேனர். எல்லாவற்றையும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனரைத்தான் ஓனரம்மா வேடிக்கையாக நினைத்தார். பிற்பாடு அதுதான் அதிகம் வேலை செய்தது.

அடுத்தது, எங்கே போவது. இதற்கும் நோட்டைத்தான் எடுத்தோம். கோடு போட்ட வீடுகளுக்கெல்லாம் கடைக்காரரின் மனைவி போன் செய்தார். கிடைத்தவர்களில் பாதிப் பேர் ராமமூர்த்தி நகர், கஸ்தூரி நகர், ஹொரமாவு என்று ஒரே பக்கத்தில் இருந்தார்கள். சொந்த வீடு, அடுக்களையில் பில்டர், ஆனால் பாக்கெட் தூள். “பாக்கெட்ல டிகாஷன் இறங்கவே மாட்டேங்குதுக்கா” என்று பலரும் குறைப்பட்டார்கள். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர். புரத்துக்கும் இடையில் விட்டுப்போயிருந்த மெட்ரோத் துண்டும் திறந்துவிட்டதால், அல்சூரிலிருந்து அந்தப் பக்கம் போய்வருவது முன்புபோலக் கஷ்டமில்லை.

தொழிலை இரண்டாகப் பிரித்தார்கள். தூள் அரவை, ராமமூர்த்தி நகரில் 180 சதுர அடி, 14,000 வாடகைக் கடைக்கு. குடிக்கிற காபி, அல்சூரிலேயே மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு ஐயங்கார் பேக்கரியின் முகப்பில் 50 சதுர அடி மேடைக்கு, மாதம் 12,000. கார பன்னும் தில்பசந்தும் வாங்குகிறவர் காபியும் குடிப்பார் என்பது பேக்கரிக்காரரின் கணக்கு.

பிறகு நடந்தவை

பேக்கரி மேடை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. 25 பாக்கெட் பாலில் தொடங்கி ஆறு மாதத்தில் 50-க்கு வந்தது.

தூள் கடை படுத்திய பாடு தனி. அரவை மெஷினுக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், கட்டடத்தில் ஒரு பேஸ்தான் இருந்தது. மின்சார நிறுவனமான பெஸ்காமில் விண்ணப்பித்துக் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. நடுவில் பக்கத்து மாவு மில்லில் அரைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். மிளகாயும் மல்லியும் அரைத்த கல்லில் காபி போட்டால் அந்த வாசனை தூளில் ஏறிவிடும், அப்புறம் ஒரு வாடிக்கையாளரும் திரும்ப மாட்டார். கொட்டை வாங்குகிற இடத்திலேயே அரைத்து எடுத்துவந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நைஸ் அரவை. பில்டரில் அடைத்துக்கொள்கிறது என்று புகார் வந்தது. அந்த இரண்டு மாதம் தூள் 110 கிலோவுக்கு இறங்கியது. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸில் முகவரி மாற்றம், ஜி.எஸ்.டி.யில் கூடுதல் இடம் சேர்ப்பது, மாநகராட்சி டிரேடு லைசென்ஸ், 60 சதவீதம் கன்னடத்தில் போர்டு என்று காகித வேலைகளும் இதே சமயத்தில்.

இணைப்பு வந்தபிறகு மேலேறியது. 2025 ஜூனில் 230 கிலோ. இடையில் உலகச் சந்தையில் கொட்டை விலை எகிறியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. 2025 பிப்ரவரியில் அராபிகா விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. சிக்மகளூர், குடகுக் கொட்டைக்கும் அதே ஏற்றம். தூள் விலையை மூன்று முறை கூட்டினார்கள். ஏப்ரல் 1 முதல் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியதும் மேடைக் காபி 18-லிருந்து 20 ஆனது. கூட்டம் முணுமுணுத்ததே தவிரக் குறையவில்லை. ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்து வணிக வரித்துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அக்கம்பக்கக் கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றியபோது, இவர்கள் ஏற்கெனவே ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் திட்டத்தில் வரி கட்டிவந்ததால் தொந்தரவு வரவில்லை.

மொத்த லாபம் 2022-ல் இருந்ததற்கு இன்னும் சற்றுக் கீழேதான். உழைப்பு கூடியிருக்கிறது. கடைக்காரர் அல்சூரில் காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சுகிறார், அவர் மனைவி ராமமூர்த்தி நகரில் ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்குகிறார். மத்தியானச் சாப்பாடு சேர்ந்து சாப்பிட்டுப் பல மாதம் ஆகிறது என்று அந்த அம்மா சொன்னதைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகன் சனி, ஞாயிறுகளில் வாட்ஸ்அப் ஆர்டர்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

கஃபே 2025 மார்ச்சில்தான் திறந்தது. பார்க்கிங்கைக் கடையாக்கியது அனுமதி வரைபடத்துக்கு மாறானது என்று யாரோ புகார் செய்து, மாநகராட்சி நோட்டீஸ் வந்து வேலை நின்றது. இலவச மாதங்கள் எப்போது முடிகின்றன என்பதில் கஃபேக்கும் ஓனருக்கும் சச்சரவு. ஓனரம்மா கையில் முதல் வாடகை வரவே எதிர்பார்த்ததைவிட நாலைந்து மாதம் கூடுதலாயிற்று. இன்னொன்றையும் அவர் பிறகுதான் கவனித்தார்: முதல் மூன்று வருஷத்துக்குப் பிறகு கஃபே எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஒன்பது வருஷமும் கட்டுண்டிருப்பது ஓனர் மட்டும். வார இறுதியில் கஃபே நிறைகிறது. மேல்தளம் ஒழுகுவது நின்றிருக்கிறது.

அதிகம் இழந்தவர் தையல்காரர். 1998-ல் ஓனரம்மாவின் கணவரிடம் 50,000 அட்வான்ஸ் கொடுத்ததாக அவர் சொன்னார். ரசீது இல்லை. ஓனரம்மாவுக்கு நினைவிருந்தது 20,000. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. 30,000-க்கு முடித்துக்கொண்டு, இப்போது வீட்டிலேயே ஆல்டரேஷன் வேலை மட்டும் பார்க்கிறார்.

மறுபடி செய்வதானால்

தம்பதியிடம் கேட்டபோது முதலில் சொன்னது அக்ரிமென்டைத்தான். 2021-ல் லாக்டவுனுக்குப் பிறகு கடையை மறுபடி திறந்தவுடனேயே, ஓனருக்கும் வேறு யாரும் வராத காலத்தில், 30,000 தருகிறோம் என்று சொல்லி மூன்று வருஷத்துக்குப் பதிவு செய்து வாங்கியிருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும், அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஊரே பதினோரு மாதம் எழுதுகிறது. ராமமூர்த்தி நகர்க் கடைக்கு மூன்று வருஷம் எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள், செலவில் பாதி ஓனர் பங்கு.

நோட்டை எண்ணும் வேலையையும் 2019-லேயே செய்திருக்கலாம் என்கிறார் அந்த அம்மா. அப்போதே ராமமூர்த்தி நகரில் சின்னதாக ஒன்று போட்டிருந்தால், 2024-ல் இரண்டு மாதம் அரவை இல்லாமல் தவித்திருக்க வேண்டாம். இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார்களாம்.

மகனின் நாற்காலித் திட்டத்தைக் கடைக்காரர் முழுதாகக் கைவிடவில்லை. ராமமூர்த்தி நகரில் மூன்று வருஷம் கையில் இருப்பதால் அங்கே இரண்டு பெஞ்சு போட்டுப் பார்க்கலாம் என்கிறார். மெஷின் மட்டும் வேண்டாமாம்.

பேக்கரி மேடை இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. பேக்கரிக்காரர் தன் ஓனரோடு போட்ட அக்ரிமென்ட் 2026 நவம்பரில் முடிகிறது, இவர்கள் மேடை அதற்குள் அடக்கம். புதுப்பிக்கும்போது மேடையைத் தனியாகக் குறிப்பிட்டு, கட்டட ஓனரின் கையெழுத்தும் வேண்டும் என்று இப்போதே கேட்டிருக்கிறார்கள். பேக்கரிக்காரர் சரி என்றிருக்கிறார், எழுத்தில் இன்னும் வரவில்லை.